நாற்பத்தோராம் தாள்

மல்ஜா கணக்கு மூடுகிற நாட்கள் எங்கள் சந்துக்கே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் புருஷன் கியுதே, வெல்டிங் பொறி பட்டு ஓட்டை ஓட்டையான சட்டையோடு என் கடை முன்னால் வந்து நிற்பான்.

"கடைக்கார அக்கா, இன்னையிலேர்ந்து பதினாலு நாளைக்கு நான் அனாதை. எதையாவது போடுங்க."

நெத்திலி வறுவல், சோயாவில் வெந்த தாமரைக் கிழங்கு, முள்ளங்கிக் கிம்ச்சி மூன்றையும் டப்பாவில் அடைத்துக் கொடுப்பேன். தொடுகறி விற்பதுதான் என் பிழைப்பு. பூசான் துறைமுகத்தை ஒட்டிய யொங்தோ தீவின் மேட்டுச் சந்தில், பழுதுக்கு வந்த கப்பல்களின் துருவைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அது தொடங்கும்போது என் முதல் அடுப்பில் சோறு வெந்திருக்கும். மல்ஜா வீடு என் கடைக்கு நேர் மேலே, பதினெட்டுப் படி ஏறினால். மாடியில் மல்ஜாவும் கியுதேயும். கீழே கியுதேயின் தம்பி மான்சு, அவன் பெண்டாட்டி ஹேரான். மான்சு மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறான். இரண்டு வீட்டுக்கும் பிள்ளை கிடையாது. அதனால் ஓரகத்திகள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று பேச்சை மாற்ற ஒரு ஆள் இல்லாமலே போயிற்று.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். பாலத்துக்கு அந்தப் பக்கம், துறைமுகத்தைப் பார்த்த ஏழு மாடிக் கட்டடத்தில் இருக்கிற காப்பீட்டு நிறுவனம். படகு, கப்பல், வலை, அதில் போகிற ஆள் எல்லாவற்றையும் காப்பீடு செய்வார்கள். மல்ஜா அங்கே பத்தொன்பது வருஷமாகக் காலாண்டுக் கணக்கை மூடுகிறவள். அறுபத்தோரு கிளையிலிருந்து அறுபத்தோரு விதமாக வருகிற கணக்குத் தாள்களை ஒன்றாகக் கோத்து, வந்த பிரீமியம் எவ்வளவு, கொடுக்க வேண்டிய இழப்பீடு எவ்வளவு, கடைசியில் கம்பெனி நிற்கிறதா சாய்கிறதா என்று ஒரே எண்ணாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதற்கென்று கம்ப்யூட்டரில் அவளே கட்டிய பெரிய கோப்பு ஒன்று இருந்தது. உள்ளே தொண்ணூறு தாள். எந்தத் தாளில் எதைக் கழித்து எதில் கூட்டுகிறாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பதினாலு நாளும் அவள்தான் ராணி. இயக்குநர் பேக் தன் கையால் காப்பி வாங்கிவந்து அவள் மேசையில் வைப்பார். லிஃப்டில் அவளுக்கு வழி விடுவார்கள். பதினைந்தாம் நாள் காலையில் அவள் என் கடைக்கு வந்து, கண்ணெல்லாம் சிவந்து, "மூடியாச்சு அக்கா, ஒரு கிண்ணம் பூசணிக் கஞ்சி குடுங்க" என்று உட்காரும்போது, ஏதோ மலையைப் பிடித்து நகர்த்திவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள்.

ஹேரானை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் மல்ஜாதான். பதினோரு வருஷம் முன்னால், கல்யாணமாகி வந்த புதிதில், ஹேரான் ஒரு பல்பொருள் கடையில் ரசீது அடித்துக்கொண்டிருந்தாள். மல்ஜா பேசி, இழப்பீட்டுப் பிரிவில் தற்காலிகப் பதிவாளராக உட்கார வைத்தாள். ஹேரான் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். மூழ்கின படகு, கிழிந்த வலை, உடைந்த இன்ஜின் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் உட்கார்ந்து கணக்கியல் பரீட்சை இரண்டு எழுதித் தேறினாள். அது மல்ஜாவுக்குத் தேறிய பிறகுதான் தெரியும்.

"ஏன் சொல்லல?"

"பெயிலானா வெக்கமா இருக்கும்னுதான்கா."

"பாஸ் ஆனா எனக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சியோ?" என்று கேட்டுவிட்டு மல்ஜா சிரித்தாளாம். ஹேரானுக்குச் சிரிப்பு வரவில்லையாம். இதை இருவருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதையில் நான் கூட இல்லாத இடங்களை எல்லாம் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிற அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

அந்த வருஷம் மார்ச் மாதம் சியோலிலிருந்து ஒரு குழு வந்து இறங்கியது. காப்பீட்டுக் கணக்குக்கு நாடு முழுக்கப் புது விதி. பழைய முறையில் கோத்துக்கொண்டிருந்தால் தணிக்கைக்காரர்கள் கையெழுத்துப் போட மாட்டார்கள். இனிமேல் கிளைகளிலிருந்து தாள் வராது. ஒவ்வொரு பாலிசியும் ஒவ்வொரு இழப்பீடும் நேராகப் புது மென்பொருளுக்குள் போகும். ஐந்தே வேலை நாளில் கணக்கு மூடவேண்டும். எந்த எண்ணைத் தொட்டாலும் அது எந்தப் படகிலிருந்து வந்தது என்று காட்டவேண்டும்.

முதல் கூட்டத்தில் குழுத் தலைவன் யாங் என்கிற பையன், மல்ஜாவின் கோப்பைத் திரையில் போட்டுவிட்டு மரியாதையாகத்தான் கேட்டான்.

"மேடம், இந்த எடத்துல மூணு சதவீதம் கழிக்கிறீங்களே, அது ஏன்?"

"எப்பவும் கழிக்கிறதுதான்."

"எப்பலேர்ந்து?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் கழிச்சார். நானும் கழிக்கிறேன்."

கடைசி வரிசையிலிருந்து ஹேரான் எழுந்தாள். அந்த மூன்று சதவீதம், முன்னொரு காலத்தில் வலைச் சேதத்துக்குப் படகுக்காரர்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட பங்கு, அந்தப் பழக்கம் ஆறு வருஷத்துக்கு முன்பே நின்றுவிட்டது, இழப்பீட்டுப் பிரிவில் எல்லோருக்கும் தெரியும் என்றாள். இயக்குநர் பேக் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரம், புது முறையைக் கட்டி எழுப்பும் வேலைக்குக் கம்பெனி தரப்பில் பொறுப்பாளர் ஹேரான் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

மல்ஜா அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்தாள். வாங்க ஒன்றும் இல்லை. கீரையைக் கிளறினாள், மூடினாள்.

"அவளுக்கு ரெண்டு திரை வச்ச கம்ப்யூட்டர் குடுத்திருக்காங்க அக்கா. ரெண்டு திரை. பத்தொன்பது வருஷமா நான் ஒத்தைத் திரைல மூடினேன்."

"கேட்டா உனக்கும் குடுப்பாங்கல்ல?"

"கேட்டு வாங்குறதுக்கு நான் எதுக்கு? நாற்காலியும் புதுசு. முதுகுக்கு வலை வச்சது. காவலாளி இருக்கான் பாருங்க, அந்தப் பல்லன், என்னைப் பாத்தா குனிவான். இன்னைக்கு அவளுக்கும் அதே குனிவு. அதே அளவு."

அளந்து பார்த்திருக்கிறாள். அதன்பிறகு அவள் எல்லாவற்றையும் அளந்தாள். கூட்டத்தில் இயக்குநர் ஹேரான் பெயரை எத்தனை தடவை சொன்னார். தன் பெயரை எத்தனை தடவை. ஹேரான் எந்த பஸ்ஸில் போகிறாள். வரும்போது யார் காரில் இறங்குகிறாள். கம்பெனிப் பத்திரிகையில் ஹேரானின் படம் வந்தது. அதை மான்சு வெட்டி, கீழ்வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டினான். மேலே சாப்பிட உட்கார்ந்த கியுதே, சூது இல்லாத மனுஷன், கானாங்கெளுத்தியை முள் எடுத்துக்கொண்டே, "தங்கச்சி நல்லா வந்திருச்சு பாத்தியா, நம்ம வீட்டுக்கே பெருமை" என்றான்.

மல்ஜா அந்த மீன் தட்டை அவன் முன்னாலிருந்து எடுத்துக் கழுவப் போட்டுவிட்டாள். பாதி மீன் அப்படியே இருந்தது.

ஏப்ரலில் சியோல் குழு ஒரு பட்டியல் கேட்டது. மல்ஜா கையால் செய்கிற திருத்தம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதித் தரவேண்டும். எது எழுதப்படுகிறதோ அதைத்தான் புது மென்பொருளுக்குக் கற்றுத்தர முடியும். மல்ஜா மூன்று வாரம் உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களை எழுதினாள். சுத்தமான எழுத்து. குழுவே அசந்துபோயிற்று.

நூற்றுப் பதின்மூன்றாவது ஒன்று இருந்தது. நாற்பத்தோராம் தாள்.

விஷயம் சின்னதுதான். சில பெரிய படகுகளுக்கு இரண்டு ஊரில் இரண்டு முதலாளி இருப்பார்கள். ஒருவர் பூசானில், ஒருவர் தொங்யொங்கில். காப்பீட்டையும் இரண்டு கிளையும் சேர்ந்து எழுதும். படகுக்கு ஒன்று ஆனால், இரண்டு கிளையும் முழு இழப்பீட்டையும் தன் தாளில் எழுதி அனுப்பிவிடும். ஒரே அடி இரண்டு தடவை கணக்கில் ஏறும். மல்ஜா ஒவ்வொரு காலாண்டும் நாற்பத்தோராம் தாளில் அதில் ஒன்றை எடுத்துவிடுவாள். அப்படிப் பதினேழு படகு.

பட்டியல் எழுதிய கடைசி நாள், அந்தத் தாள் திரையில் திறந்துதான் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹேரானும் யாங்கும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் பேக் இரண்டு காப்பியோடு வந்தார். ஒன்றை யாங்கிடம் கொடுத்தார். இன்னொன்றை ஹேரானிடம் கொடுத்தார். மல்ஜா தாளை மூடினாள்.

"கெடுக்கணும்னு நெனக்கல அக்கா" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "அவ்ளோ கெட்டிக்காரங்கன்னா கண்டுபிடிக்கட்டுமேன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

கோடை மழை வந்து போயிற்று. புது முறை தயாராகி, ஆகஸ்ட் கடைசியில் சோதனை ஓட்டம் வைத்தார்கள். மல்ஜா ஏற்கெனவே மூடிய ஜூன் கணக்கையே புதிய முறையில் மறுபடி ஓட்டுவது. இரண்டு எண்ணும் ஒத்துவர வேண்டும். பிரீமியம் ஒத்து வந்தது. செலவு ஒத்து வந்தது. கொடுக்கவேண்டிய இழப்பீட்டில் மட்டும் புது எண் நானூற்று அறுபது கோடி வொன் அதிகமாக நின்றது.

ஹேரான் இளைக்கத் தொடங்கினாள். பத்து நாள், பதினைந்து நாள். ஆயிரக்கணக்கான இழப்பீட்டுக் கோப்புகள். எங்கே தேடுவது என்று தெரியாமல் தேடினாள். காலையில் என் கடையைத் தாண்டிப் போகும்போது ஒரு சோற்று உருண்டையைக் கையில் திணித்தால், சாயங்காலம் அது அவள் பையில் அப்படியே திரும்பி வரும். இயக்குநர் பேக் கெடு வைத்துவிட்டார். சூசோக் அறுவடைப் பண்டிகை முடிந்து வருகிற திங்கட்கிழமைக்குள் வித்தியாசத்துக்குக் காரணம் தெரியவேண்டும். இல்லாவிட்டால் பழைய முறையே இன்னும் ஒரு வருஷம் ஓடும். ஹேரான் இழப்பீட்டுப் பிரிவுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

அந்த நாட்களில் மல்ஜாவுக்கு நன்றாகப் பசித்தது. அதை அவளே சொன்னாள். மார்ச்சுக்குப் பிறகு அப்போதுதான் நாக்கில் உப்பு தெரிந்ததாம். ராத்திரி படுத்தால் மட்டும், கீழ்வீட்டில் ஹேரான் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலையிலேயே என் கடையில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. நான் தனிக்கட்டை, வருஷா வருஷம் மல்ஜா வீட்டு மாடியில் அவர்கள் மாமனார் மாமியாருக்குப் படைக்கிற சடங்குக்கு ஜொன் பலகாரம் சுடப் போய்விடுவேன். தரையில் செய்தித்தாள் விரித்து, நடுவில் மின்சாரத் தவா. நான் சீமைச் சுரைக்காயும் மீன் துண்டும் மாவில் புரட்டித் தருவேன். ஹேரான் முட்டையில் தோய்த்துப் போடுவாள். மல்ஜா திருப்புவாள். ஜன்னலுக்கு வெளியே காற்று பலமாக இருந்தது. ஊருக்குத் திரும்பி வந்த படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

"எண்ணெய் காஞ்சிருச்சுக்கா."

"காஞ்சா போடு. அதுக்கும் சியோல்லேர்ந்து ஆளு வரணுமா?"

ஹேரான் போட்டாள். இரண்டு துண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது.

"கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"நானூத்தி அறுபது கோடில இருக்கு."

"செத்துப் போனவங்களுக்குப் படைக்கிறது. இதுல ஆபீஸைக் கொண்டாராத."

"நீங்க கொண்டாரலையா? கணக்கு மூடுற நாள்ல மாமியார் திதி வந்தப்போ, நான் ஒத்தையா இருபத்தஞ்சு தட்டு சுட்டேன். நீங்க போன்லயே கும்பிட்டீங்க."

"அப்ப நான் மூடலன்னா கம்பெனி நின்னிருக்கும்டி."

"இப்ப நான் மூடலன்னா நான் நின்னுருவேன்."

நான் குனிந்து மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேரான் கையில் இருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா. நேராவே கேக்குறேன். உங்க எண்ணும் என் எண்ணும் ஏன் ஒத்துவரலன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

மல்ஜா ஜொன்னைத் திருப்பினாள். ஏற்கெனவே திருப்பியதையே திரும்பவும் திருப்பினாள்.

"எனக்கு என்ன தெரியும்? நான் பழைய ஆளு. எப்பவும் கழிக்கிறதைக் கழிக்கிறவ."

"மார்ச் மாசம் சொன்னதை இன்னும் மனசுல வச்சிருக்கீங்க."

"வச்சிருக்கேன். தன்னைச் சேர்த்துவிட்டவளை நாப்பது பேரு முன்னாடி எந்திரிச்சுத் திருத்துனா, வச்சிருக்க மாட்டாங்களா? காதுல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க காதுக்கு யாருக்கா போக முடியும்? மூடுற நாள்ல உங்க மேசைப் பக்கம் மூச்சுவிட்டா முறைப்பீங்க."

ஆறு தட்டு ஜொன் சுட்டு முடித்தோம். ஒன்றுகூடக் கருகவில்லை, பேச்சில்லாத சமையல் அப்படித்தான் கச்சிதமாக வந்தது.

மறுநாள் காலை சடங்கு முடிந்து எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். கிழங்கு சூப், புது அரிசிச் சோறு, முந்தின நாள் ஜொன். கியுதே அரிசி மது ஊற்றினான். மான்சு வழக்கம்போலப் படகுக் கதையை எடுத்தான்.

"சொங்போக் படகு நேத்து திரும்பக் கடலுக்கு எறங்கிருச்சு அண்ணா. மே மாசம் கோஜே பக்கம் மூடுபனில சரக்குக் கப்பல் இடிச்சுதே, அதான். அஞ்சு மாசமா கம்பெனிப் பணம் எப்ப வரும் எப்ப வரும்னு நம்ம குவாக் முதலாளி தவிச்சுக் கெடந்தாரு."

"குவாக்கா?" என்றாள் ஹேரான், பாதி கவனத்தில். "அது தொங்யொங் ஆளு படகாச்சே. தொங்யொங் கிளைக் கோப்புல பாத்தேன். பேரு ஏதோ... ஹ்வாங்."

"ஹ்வாங்கும்தான். பாதிக்குப் பாதி. குவாக் இங்க, அவன் அங்க. ஐஸ் பில்லுக்கே ரெண்டு பேரு கிட்டயும் ஓடணும், என் உசுரு போகுது. கூட்டுப் படகுன்னா இதான் தொல்லை. நம்ம துறைல இந்த மாதிரி பதினஞ்சு இருபது கெடக்கு."

ஹேரானின் கரண்டி சூப்பிலேயே நின்றது. அவள் வாய் மட்டும் அசைந்தது. இங்கேயும் ஒரு கோப்பு, அங்கேயும் ஒரு கோப்பு.

பிறகு அவள் மெல்லத் தலையைத் திருப்பி மல்ஜாவைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். மல்ஜா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்து காதுவரை சிவந்து போயிருந்தது. ஆண்கள் இருவரும் ஒன்றும் அறியாமல் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹேரான் எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். காலியான தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அடுத்த மூன்று நாள் விடுமுறை மல்ஜாவுக்குப் போகவே இல்லை. ஹேரான் படியேறி வந்து கேட்பாள் என்று காத்திருந்தாள். வரவில்லை. ஐஸ் வண்டிச் சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. கீழே ஹேரான் நிம்மதியாகத் தூங்குகிறாள். அதுவும் மல்ஜாவுக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கூட்டம். ஹேரான் திரையில் பதினேழு படகுகளின் பெயரை வரிசையாகப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளை, இரண்டு கோப்பு, ஒரே விபத்து. ஒன்றை எடுத்ததும் நானூற்று அறுபது கோடி கரைந்து, இரண்டு எண்ணும் ஒரு வொன்கூட மிச்சமில்லாமல் ஒத்து நின்றன. யாங் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் இயக்குநர்.

ஹேரான் மல்ஜா பக்கம் திரும்பினாள்.

"மல்ஜா மேடம் சொன்னாங்க சார். பண்டிகைக்கு வீட்டுல சேந்து சாப்பிடுறப்போ பேச்சு வந்துச்சு. பட்டியல்ல விட்டுப்போச்சுன்னு ஞாபகம் வந்து சொன்னாங்க."

"பாத்தீங்களா!" இயக்குநர் பேக் மேசையைத் தட்டினார். "எந்த மெஷின் வந்தா என்ன? அனுபவம்னா இதுதான்." அவர் கைதட்டினார். நாற்பது பேரும் கைதட்டினார்கள். யாங் எழுந்து மல்ஜாவைப் பார்த்துக் குனிந்தான்.

மார்ச்சிலிருந்து அவள் ஏங்கிக் கிடந்தது அந்தக் கைதட்டலுக்குத்தான். வந்தது. ஹேரான் கொடுத்து வந்தது. மல்ஜா எழுந்து நின்றாள்.

"நான் சொல்லல சார்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

"பட்டியல் எழுதுறப்போ அந்தத் தாள் என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. மறக்கல. வேணும்னே விட்டேன். அஞ்சு மாசமா சொல்லல, இவ தேடுறதைப் பாத்துட்டும் சும்மா இருந்தேன்."

"ஏன் மேடம்?" என்றார் இயக்குநர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வேலைப் பளு, வயசு, உடம்பு. நாற்பது பேரும் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்கள்.

"பொறாமை சார்" என்றாள் மல்ஜா.

சாயங்காலம் வழக்கத்துக்கு மாறாக இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வந்த பஸ் ஒன்றுதான். பாலம் பாதி தாண்டியதும் ஹேரான்தான் ஆரம்பித்தாளாம்.

"யாருக்கா கேட்டா உங்களை? நான்தான் மூடி வச்சேனே."

"நீ எதுக்குடி பொய் சொன்ன?"

"உங்களைக் காப்பாத்தத்தான்."

"அது மட்டும்தானா? சாகுற வரைக்கும் நான் உனக்குக் கைகட்டி நிக்கணும்னுதானே சொன்ன?"

ஹேரான் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே பட்டறையில் ஒரு கப்பலின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டு பெண்கள் துரு தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றாள். "அதுவும்தான். பதினோரு வருஷமா நான் அப்படித்தானே நிக்கிறேன்? ஒவ்வொரு பண்டிகைக்கும் சொந்தக்காரங்க முன்னாடி, 'நான்தான் சேர்த்துவிட்டேன், நான்தான் சேர்த்துவிட்டேன்'னு சொல்லுவீங்க. ஒரே ஒரு நாள் நீங்க நின்னு பாக்கட்டுமேன்னு தோணுச்சு. பேக் சார் உங்க மேசைக்குக் காப்பி கொண்டுவர்றப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சிருக்குக்கா. எனக்கு மட்டும் வயிறு இல்லையா?"

மல்ஜா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவளுக்கு அது தோன்றியதில்லையாம்.

"அந்தக் காப்பி நல்லாவே இருக்காதுடி" என்றாள். "ஒரே சக்கரை."

"தெரியும். இப்ப நான்தானே குடிக்கிறேன்."

இருவரும் சிரிக்கவில்லை. மேட்டு நிறுத்தம் வந்தது. இறங்கி, முன்னும் பின்னுமாகச் சந்து ஏறி வந்தார்கள். நான் கடையில் இருந்தேன். என்னை இருவரும் பார்க்கவில்லை.

கம்பெனி மல்ஜாவுக்கு மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தம் போட்டது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து இழப்பீட்டுப் பிரிவுக்கு மாற்றியது. ஹேரான் காலி செய்த அதே மேசை. கியுதே கேள்விப்பட்டு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவனே மீன் பொரித்து, முள்ளெடுத்து அவள் முன்னால் வைத்தானாம். "தங்கச்சியைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன், சாப்பிடு" என்றானாம். படகுக்காரர்கள் மல்ஜா மேசை முன்னால் நின்று, உடைந்த இன்ஜினின் படத்தைக் காட்டிக் கத்துவார்கள். பத்தொன்பது வருஷம் எண்ணாகவே பார்த்ததற்கெல்லாம் வாய் முளைத்துவிட்டது என்று அலுத்துக்கொண்டாள். ஆனால் கத்துகிறவனைவிட இரண்டு மடங்கு கத்தி உட்காரவைக்கவும் பழகிக்கொண்டாள்.

அந்தக் காலாண்டுக் கணக்கு முதன்முறையாகப் புது முறையில் மூடப்பட்டது. ஹேரான் தலைமை. ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வெயில் இன்னும் சந்துச் சுவரில் இருக்கும்போதே, மல்ஜா என் கடை முன்னால் வந்து நின்றாள்.

"என்ன இந்நேரத்துல? கணக்கு மூடுற வாரமாச்சே," என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எனக்கென்ன மூடுறதுக்கு? அஞ்சு மணியானா பையைத் தூக்கிட்டு வர்றேன்." தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "மாட்டெலும்பு சூப் இருக்கா? ரெண்டு டப்பா போடுங்க. ஆளுக்கு ஒண்ணா."

"கியுதேக்கா?"

"அவர் பட்டறைலயே சாப்பிட்டுருவாரு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு அவளுக்கு."

நான் நிமிர்ந்து பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாக்குறீங்க? நாலு நாளா சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டா. பட்டினில கணக்கைத் தப்பா மூடினா, அதுக்கும் என்னைத்தானே சொல்வாங்க?"

நான் இரண்டு டப்பா சூப் ஊற்றி மூடி, பையில் வைத்தேன். அவள் பணம் எடுக்கையில் கீழே சந்து முனையில் ஹேரான் தெரிந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் காலணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு ஏறி வந்தாள். முகத்தில் வெயில் பட்டது.

"முடிஞ்சிருச்சுக்கா" என்றாள், மூச்சு வாங்க.

மல்ஜா சந்துச் சுவரில் இருந்த வெயிலைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒரு கணக்கைக்கூட வெளிச்சத்தில் மூடியதில்லை.

"வித்தியாசம் எவ்ளோ?"

"இல்ல."

"ஒரு வொன் கூடவா?"

"ஒரு வொன் கூட இல்ல."

மல்ஜா பையைத் திறந்தாள். ஒரு டப்பாவை எடுத்து என் மேசையில் திரும்ப வைத்தாள்.

"ஒண்ணு போதும் அக்கா. வீட்டுக்குப் போய் அவளே சமைச்சுக்குவா. நேரம்தான் நெறையக் கெடக்கே."

ஒரு டப்பாவுக்கு மட்டும் காசை எண்ணி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். ஹேரான் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? கரண்டியைத் துடைத்தேன். ஹேரான் காலணியைக் கீழே போட்டு, ஒவ்வொரு காலாக நுழைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே போனவள் பத்துப் படி ஏறியிருப்பாள். மேலேயிருந்து மல்ஜாவின் குரல் வந்தது.

"வர்றியா இல்லையா? ஆறிப்போகுது பாரு."